மரியராஜ் பூட்டிய மெமரி கார்டு

திண்டுக்கல் நாகல் நகர் அடைக்கல மாதா சந்தில் ஒரு பொருள் பூட்டாமல் கிடந்தால், அது இன்னும் மரியராஜ் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். சந்து முனையில் இருக்கும் சிற்றாலயத்துக்கு அவர்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைப் பாத்திரங்களைத் துடைத்து வைப்பது, எல்லாம் முடிந்ததும் கோயிலைப் பூட்டுவது அவர் வேலை. முதல் மூன்றைக் கடமைக்குச் செய்வார். நாலாவதை ஆசையாகச் செய்வார். இடுப்பில் பதினேழு சாவி. எதைப் பூட்டினாலும் பூட்டைப் பிடித்து மூன்று இழுப்பு இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். முதல் இழுப்பு பூட்டைச் சோதிக்க, இரண்டாவது திருடனை நினைத்து, மூன்றாவது தன் மனசாட்சிக்காக என்று அதற்கு விளக்கம் வேறு.

வீட்டில் பிஸ்கட் டின்னுக்குப் பூட்டு உண்டு. ஒருமுறை பிரிட்ஜுக்கும் கொக்கி வைத்துப் பூட்டினார். அன்றைக்கு அவர் மனைவி செபாஸ்தியம்மாள் அவரையே வெளியே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டாள். சந்து முழுக்க அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு அவர் மனைவியின் வாயால் ஒரு சோதனை வந்தது.

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் மூவேளைச் செபம் ஒலிக்க வேண்டும். மரியராஜ் தன் செல்போனை ஒரு வயரால் மைக் செட்டோடு கோத்து, அதிலிருக்கும் செபத்தைப் போடுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிச் செபம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. கட் பண்ணுகிறேன் பேர்வழி என்று பதறிப்போய்ப் பச்சையை இழுத்துவிட்டார். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை செபாஸ்தியம்மாளின் குரல் கணீரென்று போனது.

"ஏங்க, வரும்போது அரைக் கிலோ கத்திரிக்கா வாங்கிட்டு வாங்க. அந்த அல்போன்சா டீச்சர் குடுத்துவிட்ட மீன் கொழம்ப நம்ம பூனை மோந்து பாத்துட்டு அம்புட்டுத் தூரம் தள்ளிப் போயி ஒக்காந்துக்கிருச்சு."

அதன் பிறகு செபம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யார் காதிலும் ஏறவில்லை.

அல்போன்சா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் கணக்கு டீச்சர். சந்தில் பாதி ஆம்பளைகள் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். ஓய்வு பெற்ற பிறகு குட்டுக்குப் பதிலாக மீன் குழம்பு கொடுக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கு வீடு ஒரு தூக்குவாளி வரும். அந்தக் குழம்பைப் பற்றி இதுவரை யாரும் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள். ஊர் ஒன்றுகூடிக் காத்த ரகசியம் அது. ஒரு பூனை போட்டு உடைத்துவிட்டது.

பங்குச்சாமியார் மரியராஜைக் கூப்பிட்டுவிட்டார். மேசைமேல் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சை அட்டை இருந்தது. அதன் முதுகில் ஏதேதோ பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

"இதுவும் கம்ப்யூட்டர்தான், மரியராஜ். என் அக்கா மகன் விட்டுட்டுப் போனான். நேரத்த சொல்லி வச்சிட்டா, அதுவே செபத்தப் போடும், அதுவே நிறுத்தும். முக்கியமா, இதுக்கு யாரும் போன் பண்ண முடியாது."

"சாமி சொன்னாச் சரிதான்."

"ஒரே ஒரு கொற. மெமரி கார்டு இல்ல. புதுசா ஒண்ணு வாங்கி, அதுல இதுக்குண்டான சிஸ்டத்த எழுதிச் சொருகணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவிழாக் கொடியேத்தம். ஆறு மணிச் செபம் இதுலதான் வரணும். வரலேன்னா மைக் செட்டு ரூம் சாவிய ராபின்கிட்ட குடுத்துரு. அவன் பாத்துக்கிருவான்."

ராபின் பக்கத்துத் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். பூட்டு போடத் தெரியாதவன் என்பது மரியராஜின் நெடுநாள் அபிப்பிராயம். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "யாரு வரப்போறா" என்று போய்விடுவான். அவன் கையில் தன் சாவியா? மரியராஜின் இடுப்பிலிருந்த பதினேழும் ஒருமுறை கலகலத்தன.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் தப்ரேஸின் செல்போன் கடைக்குப் போனார். தப்ரேஸ் கொடுத்த மெமரி கார்டு சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. அதைச் சொருகிக்கொள்ள, கொஞ்சம் பெரிதாகக் கறுப்பு நிறத்தில் ஒரு அடாப்டரும் சேர்த்துக் கொடுத்தான். மரியராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் மேலும் கீழும் நகரும் கடுகளவு ஒரு நெம்பு. பக்கத்திலேயே ஒரு அம்புக்குறி போட்டு, 'லாக்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

மரியராஜுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "தம்பி, பூட்டு வச்சே செஞ்சிருக்கானே! இதுக்குச் சாவி?"

"சாவியெல்லாம் இல்லண்ணே. கீழ தள்ளுனாப் பூட்டு, மேல தள்ளுனாத் தொறப்பு. அத நீங்க கண்டுக்கிறாதீங்க."

கண்டுகொள்ளாதே என்று ஒரு பூட்டைக் காட்டி மரியராஜிடம் சொல்வது, கோழிக்குஞ்சைக் காட்டிப் பருந்திடம் சொல்வது போலத்தான். கடைப்படி இறங்குமுன் நெம்பைக் கீழே தள்ளிவிட்டார். நகத்தால் மூன்று முறை சுரண்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. நிம்மதியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சிக்கல், எழுதுவதற்கு லேப்டாப். கார்டு சொருகும் வாய் உள்ள லேப்டாப் சந்தில் ஒரே வீட்டில்தான் இருந்தது. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிரிஸ்கில்லா, திருவிழாவுக்கென்று வந்து அம்மா வீட்டில் இருந்தாள். அவளுடைய அம்மா அல்போன்சா டீச்சர்.

மரியராஜ் வாசலில் நின்று செருமினார். டீச்சர் கதவைத் திறந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க மரியராஜண்ணே. பூனை சொகமா?"

"இருக்கு டீச்சரம்மா."

"வேளாவேளைக்குச் சாப்பிடுதா?"

மரியராஜ் தரையைப் பார்த்தபடி கார்டை நீட்டி, பாப்பாவிடம் எழுதி வாங்க வந்த விஷயத்தைச் சொன்னார். டீச்சர் உள்ளே போய், திரும்பி வரும்போது கையில் தட்டு. தட்டில் சோறு. சோற்றின்மேல் மீன் குழம்பு. மணி காலை பத்து.

"இப்பத்தான் சாப்ட்டு வாரேன் டீச்சரம்மா..."

"சாப்பிடுங்க. அப்பறம் கார்டு."

கணக்குப் பரீட்சையில் கண்காணிப்பாளர் நிற்பதுபோல எதிரே நின்றுகொண்டார். மரியராஜ் சாப்பிட்டார். புளி முன்னால் வந்து நின்றது. உப்பு எங்கேயோ வெளியூர் போயிருந்தது. மீன் மட்டும், பாவம், தன்னால் முடிந்ததைச் செய்திருந்தது. முகத்தில் எதையும் காட்டாமல் விழுங்குவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

பிரிஸ்கில்லா ஒரு காதில் ஆபீஸும் ஒரு காதில் மரியராஜுமாகக் கார்டைச் சொருகினாள்.

"மாமா, இதுல உள்ளதெல்லாம் அழிஞ்சிரும்னு கேக்குது. சரிங்கட்டுமா?"

"புதுக் கார்டுதான பாப்பா. அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதத எப்பிடி அழிக்கும்?"

பிரிஸ்கில்லா மறுபடி திரையைப் படித்தாள். ஆபீஸ் காதில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சட்டென்று பொத்தானை அழுத்தினாள். லேப்டாப் சிவப்பு எழுத்தில் ஏதோ சொன்னது.

"இதுல எழுத முடியாதாம் மாமா. கார்டு கோளாறு போல. மாத்திட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை தப்ரேஸ் கார்டை அடாப்டரிலிருந்து உருவித் தன் மெஷினில் போட்டுப் பார்த்தான். "நல்லாத்தானண்ணே இருக்கு" என்றான். ஆனாலும் மரியராஜ் முகத்தைப் பார்த்துவிட்டு அடாப்டரோடு வேறொன்று கொடுத்தான். மரியராஜ் அதையும் படி இறங்குமுன் பூட்டினார். டீச்சர் வீட்டில் மறுபடி தட்டு. மறுபடி எதிரே டீச்சர். மறுபடி சிவப்பு எழுத்து.

"ரெண்டு கார்டும் கோளாறா இருக்காதே மாமா" என்று பிரிஸ்கில்லா உதட்டைக் கடித்தாள். "ராத்திரி தேடிப் பாக்குறேன். நாளைக்கி வாங்க."

நாளைக்கு வாங்க என்றால் நாளைக்கும் குழம்பு என்று மரியராஜுக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் செபாஸ்தியம்மாள் கேட்டாள்: "என்னங்க, ரெண்டு நாளா மதியம் சோறு வேணாங்கிறீக?"

"தவம் இருக்கேன்."

"திருவிழாவுக்கா?"

"ஒன் வாய்க்கு."

புதன்கிழமை பிரிஸ்கில்லா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "கண்டுபுடிச்சிட்டேன் மாமா! அடாப்டர்ல ஒரு லாக் இருக்குமாம். அது கீழ தள்ளியிருந்தா, யாரும் எதையும் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கடையிலயே தள்ளிவிட்ருக்காங்க போல."

மரியராஜ் அந்தப் பழியைத் தப்ரேஸ் தலையிலேயே விட்டுவைத்தார். ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், இவ்வளவு சின்னப் பூட்டு ஒரு கம்ப்யூட்டரையே இரண்டு நாள் வாசலில் நிறுத்தி வைத்ததே என்று அதன்மேல் மட்டற்ற மரியாதை.

பிரிஸ்கில்லா நெம்பை மேலே தள்ளிக் கார்டைச் சொருகினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. பத்து. இருபது. முப்பது. "நூறு வரைக்கும் போகணும் மாமா. அதத் தொடாம பாத்துக்கோங்க. ஒரு மீட்டிங் முடிச்சிட்டு வாரேன்" என்று அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மரியராஜ் தனியாக உட்கார்ந்து பார்த்தார். நாற்பது. ஐம்பது. கார்டின் பாதி உடம்பு லேப்டாப்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அது அவருக்கு உறுத்தியது. சரியாக மாட்டியிருக்கிறதா? சின்னப்பெண், அவசரத்தில் சொருகினாள். பாதியில் கழன்று விழுந்தால்? அறுபது. கையை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டார். அறுபத்தைந்து. தொடாதே என்று அவரே அவரிடம் சொன்னார். ஆனால் முப்பது வருஷமாகப் பூட்டை இழுத்த கை, சொன்ன பேச்சுக் கேட்காது.

லேசாக ஒரு இழுப்பு. அசையவில்லை. நல்லது. இரண்டாவது இழுப்பு. நல்லது. மூன்றாவது இழுப்பில் கார்டு கையோடு வந்துவிட்டது.

பச்சைக் கோடு நின்றது. சிவப்பு எழுத்து வந்தது. மரியராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. அவசரமாகக் கார்டைத் திரும்பச் சொருகப் போனவர், வெளியே வந்த பொருளைத் திறந்தபடி விட மனமில்லாமல், நெம்பையும் கீழே தள்ளிவிட்டுச் சொருகினார்.

நிமிர்ந்தால், சமையலறை வாசலில் அல்போன்சா டீச்சர். கையில் தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. தேவையான அளவு நேரம் நின்றிருக்கிறார் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு நாளும் நீங்கதானா மரியராஜண்ணே?"

"டீச்சரம்மா..."

"திண்டுக்கல்லயே பெரிய பூட்டுக்காரரு. தன் கார்டத் தானே பூட்டிக்கிட்டு, கடைக்கும் வீட்டுக்கும் அலைஞ்சிருக்காரு. இது கொடியேத்தத்துக்கு முன்னாடி ராபினுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா, சாவி போயிரும் டீச்சரம்மா. ஆயுசுக்கும் சிரிப்பான்."

டீச்சர் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் எதிரில் உட்கார்ந்தது அந்த மூன்று நாளில் அதுதான் முதல் முறை.

"ஒங்க வீட்டம்மா என்னையப் பேசுனது எதுல?"

"குழாய்ல."

"அப்ப வாபஸ் வாங்குறதும் குழாய்லதான் வரணும். கொடியேத்தத்தன்னைக்கி, செபம் முடிஞ்சதும். ஒரே ஒரு தடவ."

மரியராஜ் வீட்டுக்குப் போய், எட்டு விதமாகச் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னார். செபாஸ்தியம்மாள் கத்துவாள், பாத்திரம் பறக்கும் என்று வாசல் பக்கமாகவே நின்றுகொண்டார். அவளோ கத்திரிக்காயை நறுக்கியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சாவி போச்சுன்னா, நீங்க நாள் முழுக்க வீட்லயா இருப்பீக?"

"வேற எங்க போறது?"

அவள் கண் பிஸ்கட் டின்னின் பூட்டைப் பார்த்தது, பிரிட்ஜில் அடித்த கொக்கியின் ஓட்டையைப் பார்த்தது. அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "எங்க வந்து பேசணும், சொல்லுங்க."

வியாழக்கிழமை இரண்டு பெண்களும் ஒரு லேப்டாப்பின் முன்னால் சந்தித்தார்கள். கார்டு ஏற்கெனவே தயார். அன்று காலையிலேயே பிரிஸ்கில்லா நெம்பைத் திறந்து, கோடு நூறைத் தொடும்வரை மரியராஜைச் சந்து முனையில் நிறுத்திவைத்து எழுதி முடித்துவிட்டாள். பாக்கி குரல்தான்.

"அல்போன்சா டீச்சர் வீட்டு மீன் கொழம்பு நல்லா இருக்கும்" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்" என்று திருத்தினார் டீச்சர்.

"டீச்சர், திருவிழா நேரத்துல கூசாமப் பொய் சொல்லச் சொல்றீகளே."

"பூனைய மட்டும் குழாய்ல ஏத்துனீங்களே, அப்பக் கூசலையா?"

செபாஸ்தியம்மாள் பெருமூச்சு விட்டாள். "சரி. சனிக்கிழமை சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது இந்தப் பொய்யையும் சொல்லிக்கிறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "அல்போன்சா டீச்சர் வீட்டு மீன் கொழம்பு ரொம்ப நல்லா இருக்கும். பூனைக்கி அன்னைக்கி ஒடம்பு சரியில்ல."

டீச்சர் யோசித்தார். கடைசி வரியைச் சொல்லும்படி அவர் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. தலையசைத்தார்.

சாயங்காலம் மரியராஜ் நகமளவுக் கார்டை மட்டும் உருவிப் பச்சை அட்டையில் சொருகினார். அப்போதுதான் கவனித்தார். பூட்டு அடாப்டரோடு போய்விட்டது. கார்டு இப்போது அம்மணமாக நின்றது. மனது கேட்குமா? கோயில் பின்கட்டில் கிடந்த பழைய இரும்புக் காணிக்கைப் பெட்டியைத் தூக்கி வந்து, அட்டையை உள்ளே வைத்து, வயர்களைக் காசு போடும் துளை வழியாக வெளியே விட்டுப் பூட்டினார். மூன்று இழுப்பு. இடுப்பில் சாவி பதினெட்டு ஆனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தே கொடிமரத்தடியில் நின்றது. சாமியார் கயிற்றைப் பிடித்திருந்தார். ராபின் மைக் செட்டு ரூம் வாசலில், கையை நீட்டினால் சாவி வாங்கும் தூரத்தில் நின்றிருந்தான். அல்போன்சா டீச்சர் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் முதல் வரிசையில்.

ஆறு மணி. யாரும் எதையும் தொடவில்லை. குழாய் தானே வாய் திறந்தது. செபம் அட்சரம் பிசகாமல் ஓடி, "ஆமென்" என்று முடிந்தது. சாமியார் மரியராஜைப் பார்த்துப் புன்னகைத்தார். ராபின் முகம் தொங்கிப்போனது. கொடி மெல்ல ஏறத் தொடங்கியது.

"அல்போன்சா டீச்சர் வீட்டு மீன் கொழம்பு ரொம்ப நல்லா இருக்கும்" என்றது குழாய்.

கயிறு நின்றது. கொடி பாதி மரத்தில் திகைத்து நின்றது.

"பூனைக்கி அன்னைக்கி ஒடம்பு சரியில்ல."

யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள். கொடி மிச்ச தூரம் ஏறியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்திக் கண்ணீர் என்று சொன்னவர்களும் உண்டு.

அத்தோடு முடிந்தது என்றுதான் மரியராஜ் நினைத்தார். பிரிஸ்கில்லா அவசர வேலை என்று அன்றைக்கே பெங்களூர் பஸ் ஏறிப் போய்விட்டாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் செபம் முடிந்ததும் குழம்பும் வந்தது, பூனையும் வந்தது. "ஒரே தடவன்னு சொன்னீகளே டீச்சரம்மா" என்று போய்க் கேட்டதற்கு, "செபத்தையும் பேச்சையும் சேத்து ஒண்ணாப் போடச் சொன்னேன் போலருக்கு. வயசாச்சுல்ல" என்றார், அறுபத்திரண்டு மாணவர்களின் மதிப்பெண்ணை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லும் டீச்சர்.

சாமியார் ஓடி வந்தார். பின்னாலேயே ராபினும்.

"மரியராஜ், இந்தக் கொழம்ப அதுலருந்து எடுக்க முடியுமா?"

மரியராஜ் ஓரமாகப் போய்ப் பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டார். "அஞ்சு நிமிஷ வேலை மாமா. அங்க லேப்டாப் உள்ளவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க, போன்லயே சொல்லித் தாரேன். அப்பறம் அது பாட்டுக்கு ஓடும். நீங்க கோயில் பக்கமே வர வேண்டாம்."

வர வேண்டாம். மரியராஜ் காணிக்கைப் பெட்டியைப் பார்த்தார். கையைப் பிசைந்துகொண்டு, "நா எடுத்துர்றேன் சாமி, சாவிய மட்டும் வாங்கிக் குடுங்க" என்று நின்ற ராபினைப் பார்த்தார். தன் இடுப்பைப் பார்த்தார்.

"சரி பாப்பா, ஒனக்கு எதுக்குச் சிரமம். வச்சிரவா?" என்று போனை வைத்துவிட்டுச் சாமியாரிடம் திரும்பினார். "முடியாதாம் சாமி. எழுதுனது எழுதுனதுதானாம். திருவிழா நடுவுல பெட்டியத் தொறந்தா, உள்ள செபமும் சேந்து போயிருமாம்."

பாவசங்கீர்த்தனத்துக்கு அந்த வீட்டிலிருந்து இரண்டாவது ஆளும் தயாரானார்.

சாமியார் நெற்றியைத் தடவினார். "அப்ப ஒரே வழிதான். மூணு வேளையும் யாராவது செட்டுக்கிட்டயே நின்னு, ஆமென் வந்த ஒடனே சுவிட்ச அமத்தணும். ஒரு நொடி பிந்தக் கூடாது."

"நா நிக்கிறேன் சாமி" என்றான் ராபின்.

"நீ கதவையே சாத்தமாட்ட. போப்பா." சாமியார் மரியராஜ் பக்கம் திரும்பினார். "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

அன்றிலிருந்து தானே ஓடுகிற மிஷினைத் தானே நிறுத்துவதற்காக, மரியராஜ் மூன்று வேளையும் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடுகிறார். ஆமென் வந்ததும் சுவிட்சை அமர்த்துவார். ரூமைப் பூட்டுவார். மூன்று இழுப்பு. எப்போதாவது விரல் ஒரு நொடி பிந்தி, "அல்போன்சா டீச்சர் வீட்டு" என்பது வரைக்கும் வெளியே போய்விடும். அன்றைக்குத் தவறாமல் அவர் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி வரும். செபாஸ்தியம்மாள் அதை வாங்கி அடுப்படியில் வைப்பாள். பூனை மோந்து பார்க்கும்.

மைக் செட்டு ரூமில் அவர் எதற்காக அவ்வளவு நேரம் நிற்கிறார் என்று நாம் கேட்டால், செபாஸ்தியம்மாள் அடுப்படிக்குப் போவாள். பிஸ்கட் டின்னைத் திறந்து நமக்கு ஒன்று நீட்டுவாள். இப்போதெல்லாம் அதில் பூட்டு இல்லை.